படத்துக்குப் போட்ட மாலை

லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில், பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடையில் அந்தப் படத்தை வாங்கினேன். இருநூறு வருடப் பழைய ஓவியம் ஒன்றின் அச்சு. வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி பெரிய நாயொன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் மழை இருட்டு. நாய் வேண்டும் என்று அடம்பிடித்த மகளுக்கு நாயின் படம். எங்கள் ஃபிளாட்டில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். விட்டாலும் என் மனைவி விடமாட்டாள்.

மகளுக்கு ஐந்து வயது. இதயத்தில் ஓட்டை. விடிந்தால் ஒப்பரேஷன் என்ற அன்று எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. அவளிடம் மட்டும் சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி வைத்திருந்தோம்.

பின்னேரம் சமையலறையிலிருந்து வந்த மனைவி ஹோலில் அப்படியே நின்றுவிட்டாள். காலமான என் அப்பாவின் படத்தில் கிடந்த பிளாஸ்டிக் மல்லிகை மாலை அந்தச் சிறுமியின் படத்தில் தொங்கியது. மகள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள். எங்கள் வீடுகளில் ஒருவரின் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். அதுவும் சின்னப் பிள்ளையின் படம், அதுவும் இன்றைக்கு.

"ஐயோ, கழட்டுங்கோப்பா! முதல்ல அதைக் கழட்டுங்கோ!"

சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று வாய் கிழியப் பேசுகிறவன் நான். அன்று ஓடிப்போய் மாலையைக் கழற்றினேன். பயந்துதான் போனேன்.

"ஏன் குஞ்சு, இதுக்கு மாலை போட்டனீர்?"

"அவ செத்துட்டாதானே அப்பா. சரியான பழைய படமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்பப்பாவுக்கு மாலை இருக்கு, அவவுக்கு ஒருத்தரும் போடேல்லை."

மனைவி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சாகேக்க நாய் பக்கத்தில நிண்டதோ?"

"தெரியாது குஞ்சு."

"நாளைக்கு என்னை வெட்டேக்க நீங்கள் நிப்பீங்களோ?"

வெட்டுவதைப் பற்றி நாங்கள் அவளிடம் மூச்சே விட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். மயக்க மருந்து ஏறும்வரைக்கும்தான் ஒருவரை உள்ளே விடுவோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"ஓம், நிப்பன்."

"முடியுமட்டும் நிப்பீங்களோ?"

"முடியுமட்டும் நிப்பன். ஒண்டுக்கும் பயப்பிடக் கூடாது."

அவள் திரும்பித் தாயின் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப ஏன் அப்பா, அம்மா அழுறா?"