மழை வருஷத்து மணி

சிவனொளிபாத மலை உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறி வந்திருக்கிறோமோ, அத்தனை தடவை அதை அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவருக்கு ஒன்று, பத்தாம் தடவை வந்தவருக்குப் பத்து. பக்கத்தில் நின்று சரிபார்க்க யாரும் இல்லை. கூட்டி அடித்தால் கேட்பாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கயிற்றைப் பிடித்ததும் எல்லோர் முகமும் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின் முகமாகிவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாய் ஓயாமல் கதை அளக்கும் ஒருத்தி இருந்தாள். “அந்த மணிகிட்ட மட்டும் எனக்குப் பொய் வரமாட்டேங்குதுடி” என்பாள். அவளுக்கே வரவில்லை என்றால் பிறகு யாருக்கு வரும்?

நானும் என் தங்கச்சியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியவர்கள். ஆனால் மணி அடிக்கும் கணக்கில் மட்டும் எங்களுக்குள் எப்போதும் ஒன்று இடித்தது. நான் எட்டு அடித்தால் அவள் ஒன்பது அடிப்பாள்.

காரணம் ஒரு மழை வருஷம். அது எங்கள் நான்காவது பயணம். நாங்கள் இருட்டில் ஏறி உதயம் பார்க்கிற கூட்டம் இல்லை. ஞாயிறு விடிந்ததும் மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து கிளம்பி, மத்தியானம் உச்சியைத் தொட்டு, பொழுது சாய இறங்கிவிடுவோம். திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றால்தானே அன்றைய வேலை. அந்த வருஷம் முக்கால்வாசி ஏறியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. புத்தர் கிழிந்த அங்கியைத் தைக்க உட்கார்ந்தார் என்று சிங்களச் சனங்கள் சொல்லும் இடத்தில் நின்றோம். அவர்கள் அங்கே ஊசியில் நூல் கோத்துப் போட்டுவிட்டு, நூலை விட்டுக்கொண்டே மேலே ஏறுவார்கள். படி ஓரமெல்லாம் நனைந்த வெள்ளை நூல். அந்த நூலுக்கு நடுவே தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது, உதடு வெளுத்துப் போனது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி இறங்கினேன்.

அடுத்த வருஷம் உச்சியில் நான் நான்கு அடித்தேன். அவள் ஐந்து அடித்தாள்.

“ஏய், போன வருஷம் நீ மணியவே பாக்கலயே” என்றேன்.

“பாக்கலன்னா என்ன? ஏறுன காலு என்னோட காலுதானே. மலைக்குத் தெரியும்” என்றாள்.

பின்னால் கயிற்றுக்காகக் காத்திருந்த சிங்கள அம்மா ஒருவருக்குத் தமிழ் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, தங்கை சொல்வதுதான் சரி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அதே வழக்கு நடந்தது. கடைசியாக நாங்கள் சேர்ந்து ஏறியபோது நான் பதினொன்று அடித்தேன், அவள் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் ஏறவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வெள்ளை உடுத்த கூட்டம் மலைக்குப் போகிற மஸ்கெலியா பஸ்ஸுக்கு முண்டியடிப்பதைப் பார்த்தால் கால் தன்பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பும். பிறகு பக்கத்தில் ஆள் இல்லாதது நினைவுக்கு வரும். நான் என் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

தங்கச்சி வாழ்க்கைப்பட்டது கினிகத்தேனையில். புருஷன் மேசன் வேலை, ஒரு பெண் பிள்ளை. ஒரு பங்குனி மாதம் அந்தப் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். செய்தி வந்தபோது எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி இரண்டு நாளாகியிருந்தது. தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு என் கையிலும் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். திருவிழா முடிந்த மறுநாள் வருகிறேன், பிள்ளைக்காக அம்மாளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையாகவே கேட்டேன். சட்டியின் சூட்டில் கை கொப்பளித்தது, கீழே வைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தது. அம்மாள் காப்பாற்றிவிட்டாள் என்று நான் சொன்னேன். தங்கச்சி தேத்தண்ணி கொடுத்தாள், சாப்பிடச் சொன்னாள். அடுத்த சீசனில் மலைக்குக் கூப்பிட்டபோது, தாங்கள் இப்போது கிறிஸ்தவச் சபைக்குப் போகிறோம், இனி அங்கெல்லாம் வருவதில்லை என்றாள். அதுவரை “வாடி, போடி” என்று என்னையே அதட்டுகிறவள், அன்றைக்கு என்னை “நீங்க” என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள். எனக்குப் பள்ளிக்கூடம் ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானா வைத்திருக்கும் பழைய பேப்பர் கடைதான். அட்டை போன புத்தகங்களை எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பார். தங்கச்சியின் முடிவைச் சொல்லி அவரிடம் புலம்பினேன். அவர் கேட்டுவிட்டு, “அது எங்களுக்கும் மலதான் தங்கச்சி. பாவா ஆதம் மல. சொர்க்கத்துலருந்து எறங்குனவரு மொதக் கால் வச்ச எடம்” என்றார். பிறகு ஒரு பழைய சரித்திரப் பாடப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அன்று தொடங்கியது எனக்கு அந்தப் பைத்தியம்.

படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. சோழர்கள் கப்பலேறி வந்து பொலன்னறுவையில் இருந்து ஆண்டிருக்கிறார்கள். அவர்கள் சிவனுக்குக் கட்டிய கல் கோயில் இன்னும் நிற்கிறது. அவர்களைத் துரத்திய சிங்கள ராஜா, இந்த மலைக்குப் போகிற சனங்களுக்குச் சோறும் தங்க இடமும் ஏற்பாடு பண்ணியதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் கல் இருப்பது அம்பகமுவையில், என் தங்கச்சி வீட்டுக்குக் கிட்டத்தில். பிறகு மேற்கே மொரோக்கோவிலிருந்து ஒரு முஸ்லிம் பயணி வந்திருக்கிறார். ஆதம் பாவாவின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்க, யாழ்ப்பாணத்துத் தமிழ் ராஜா பல்லக்கும் கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினாராம். அதற்குப் பின்னால் சீனத்துக் கப்பல்கள். அவர்கள் கொண்டுவந்து நட்ட கல்லில் மூன்று பாஷை. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனார் என்ற பெருமாளுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே காணிக்கை. அதே சீனக் கப்பல்காரர் இங்கே ஆண்ட ஒரு ராஜாவைப் பிடித்துக்கொண்டும் போயிருக்கிறார் என்பது இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. அதை நான் சீக்கிரம் தாண்டிவிட்டேன். எனக்கு வேண்டியது முந்தின பக்கம்தான்.

எதற்கு வேண்டும் என்றால், தங்கச்சியை ஜெயிக்க. வேறு எதற்கு?

போன தை மாதம் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கினிகத்தேனைக்குப் போனேன். அவள் குசினி வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோழர், அம்பகமுவைக் கல், பல்லக்கு, மூன்று பாஷைக் கல், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பாதம் புனித தோமாவின் பாதம் என்று சொல்கிற கிறிஸ்தவர்களும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு, ஆகவே அது உன் மலையும்தான் என்று முடித்தேன். ஒரு வக்கீல் கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று எனக்கே ஒரு பெருமை.

அவள் கடைசிக் கொட்டையையும் உரித்துச் சட்டியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சோழ ராஜா வந்தாரு. சீனாக்காரன் வந்தான். அந்தப் பாயி எங்கேயோ இருந்து பல்லக்குல வந்தாரு. எல்லாம் சரிக்கா. கினிகத்தேனைக்கு நீங்க ஏன் வரல?”

காப்புக் கட்டியிருந்தேன் என்றேன். தெரியும் என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“ஒம்போது நாளு. ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வந்தாங்க, அவங்களுக்கு என் பேரு கூடத் தெரியாது. பக்கத்துக் கட்டிலுக்கு யாரையோ பாக்க வந்தவங்க. நான் தனியா இருக்கேன்னு தெனமும் வந்து உக்காந்தாங்க, என்னையத் தூங்கச் சொல்லிட்டு. சாமியப் பத்தி ஒண்ணுமே பேசல. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட அன்னைக்கி, நீங்க எந்தச் சாமிய கும்புடுறீங்கன்னு நாந்தான் கேட்டேன்.”

பாடப் புத்தகத்தில் ஒரு தேசப்படம் இருந்தது. மதங்கள் பரவிய வழி என்று கடல் மேலும் மலை மேலும் தடித்த அம்புக்குறிகள். அந்தப் படத்தை நான் விரலால் எத்தனையோ தடவை தடவியிருக்கிறேன். கினிகத்தேனைக்கு வந்த அம்புக்குறி கப்பலில் வரவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கதிரை எனக்காகக் காலியாக இருந்த கதிரை.

“நான் வந்திருக்கணும்” என்றேன்.

அவள் எழுந்து போய்ப் பலாக்கொட்டையை அடுப்பில் வைத்தாள். நான் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினேன். அன்று அதற்குமேல் மலையைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை வளர்ந்து எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தது, அதன் சடையைப் பின்னிவிட்டேன். சாயங்காலம் தங்கச்சி என்னைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டாள். பஸ் வளைவில் தெரிந்த பிறகு, எப்போது போகிறீர்கள் என்று கேட்டாள். மாசி பௌர்ணமி கழிந்து வருகிற ஞாயிறு என்று சொன்னேன். அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு நாளை நான் நினைத்திருக்கவே இல்லை.

“மேல வரமாட்டேன்” என்றாள். “அது வேற. கீழ வரைக்கும் வாறேன்.”

அந்த ஞாயிறு நல்லதண்ணியில் ஒரு தேத்தண்ணிக் கடை மர வாங்கில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். பிளாஸ்க்கும் பைபிளும் அவள் மடியில் இருந்தன. இறங்கி வருகிற சிங்களச் சனங்கள் ஏறுகிறவர்களுக்குச் சொல்லும் கருணை வாழ்த்தை எனக்கும் சொன்னார்கள். பதிலுக்குச் சொன்னேன். படிகளை எண்ணுகிற பழக்கம் அவளுடையது, எனக்கு இல்லை. ஆனாலும் அன்றைக்கு எண்ணினேன், நூறு தாண்டும் முன்னே கணக்குத் தவறியது, திரும்பவும் தொடங்கினேன். ஓரிடத்தில் மூச்சு வாங்கி நின்றபோது வலது பக்கமாகக் கையை நீட்டிவிட்டேன். அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் வருவாள்.

ஊசியும் நூலும் போடும் அந்த இடத்தில் வெகு நேரம் உட்கார்ந்தேன். மழை இல்லை. வெயிலில் நூல்கள் காய்ந்து காற்றில் ஆடின. அன்றைக்கு அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு இழுத்த மூச்சின் சத்தம் எனக்கு அப்படியே கேட்டது. மேலே இருக்கிற அத்தனை படிகளையும்விட இந்த இடம் வரை வர அவள் பட்ட பாடு பெரியது. இவ்வளவு காலம் அதற்கு ஒரு அடி மணி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உச்சியில் அந்தப் பெரிய பாதத்தைக் கும்பிட்டேன். சிவனே என்றேன். பக்கத்தில் ஒரு சிங்களவர் சாது, சாது என்று கும்பிட்டார். எத்தனை ராஜாக்கள் ஆள் அனுப்பிய இடம்! அவர்களில் யாருக்காவது கீழே வாங்கில் ஒரு தங்கச்சி காத்துக்கொண்டிருந்திருப்பாளா என்று தெரியவில்லை. பிறகு கயிற்றைப் பிடித்தேன், அடித்தேன்.

இறங்கும்போது முழங்கால் வெட்டியது. கீழே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. அவள் காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தாள். இடையில் வீட்டுக்குப் போய் வந்திருப்பாய் என்று நினைத்தேன் என்றேன். எங்கே போக, பிளாஸ்க்கில் இரண்டு தடவை தேத்தண்ணி மாற்றியாகிவிட்டது என்றாள். என் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தன் பக்கம் இழுத்துப் பெருவிரலை அமுக்கிப் பார்த்தாள்.

“எத்தன அடிச்ச?” என்று கேட்டாள்.

“பதிமூணு.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு விரலில் வந்து நின்றாள். அதை மடக்காமல் என்னைப் பார்த்தாள்.

“மழ வருஷத்தையும் சேத்துட்டியா?”

“சேத்துட்டேன்.”

“இப்பவாவது புத்தி வந்துச்சே” என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி ஆற்றினாள். வெகு நேரம் ஆற்றினாள்.