பேய்க்கு ஏது காலு?

ஹிந்திப் படங்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 

1. சிரித்தார்கள்

சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் எங்கள் பேய்ப்படத்தை ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினோம். அவர்கள் பயந்தால்தான் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று தியேட்டர் ஓனர் கறாராகச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் எங்கள் சின்ன டப்பிங் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

பயத்தைக் கிளப்புவதில் ஹிந்திக்காரர்கள் கில்லாடிகள். பாழடைந்த பங்களா, மழை, யாரும் வாயே திறப்பதில்லை. புடவைக்குக் கீழே பாதம் மட்டும் தெரிகிறது, குதிகால் முன்பக்கமாக. தியேட்டர் கப்சிப். அப்போதுதான் கதாநாயகனின் நண்பன் பேசினான்: "பாருடா, காலு திரும்பியிருக்கு! இது பேய்தான்!"

பின்னால் இருந்து ஒருவர், "பேய்க்கு ஏதுய்யா காலு?" என்றார். தியேட்டரே சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடக்கே பேய்க்குக் கால் திரும்பியிருக்கும். நம்மூர்ப் பேய்க்குக் காலே கிடையாதே!

2. அடுத்த நாள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தோம். "அந்த டயலாக்கையே தூக்கிடலாம் சார்" என்றேன். எங்கள் கம்பெனி முதலாளி கத்தினார்: "அவன் வாய் அசையுதேம்மா! எதையாவது எழுதித் தொலைம்மா, நாளைக்கு மறுபடி காட்டணும்."

வாயசைவுக்குள் அடங்குகிற மாதிரி எழுதினேன்: "டேய், இவளுக்குக் காலு இருக்குடா! இவ பேயில்லடா!"

மறுநாள் அதே தியேட்டரில், திரும்பிய பாதத்தைப் பார்த்தபடியே அந்த வசனத்தைக் கேட்டதும் ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். ஒரே வரி இந்தப் பாடு படுத்தும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஆனால் இடைவேளைக்குப் பிறகு அந்தக் கால் திரும்பிய பெண் ஃப்ளாஷ்பேக்கில் தான் செத்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். ஜனங்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். ஹிந்திப் பேய்ப்படங்களின் சாபக்கேடே இதுதான். நன்றாகப் பயமுறுத்திவிட்டுக் காரணமும் சொல்லிக் கெடுப்பார்கள்.

ஓனர் வந்தார். "வெள்ளிக்கிழம போட்டுடறேன். ஆனா அவ யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லாதீங்க."

"அதானே சார் கதையே?" என்றார் முதலாளி.

"செத்தவளுக்குக் காலு எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க சார். பதில் இருக்கா?"

அந்த ஃப்ளாஷ்பேக்கை வெட்டினோம். விளக்கம் சொல்லும் வசனம் வந்தால், எழுதுவதற்கு முன்னால் அது தேவையா என்று பாருங்கள்.

வெட்டிய படத்தைச் சரிபார்க்க நான் மட்டும் உட்கார்ந்தேன். அவள் யாரென்று எனக்குத் தெரியும். அவள் பேசியதெல்லாம் நான் எழுதியது. அப்படியும் பாதியில் எழுந்துபோய் லைட்டைப் போட்டேன்.