நாகதம்பிரான் புற்றிலை கறையான் பானை

கடல் எங்கட மகன் யூட்சனைக் கொண்டுபோன பிறகு நான் மனிசனிட்டை ஒண்டுதான் சொன்னனான். "இனி வள்ளத்திலை கால் வைச்சியளெண்டால் என்னை மறந்திடுங்கோ."

என்ரை மனிசன் லோறன்ஸ் எண்டால் முல்லைத்தீவுக் கரையிலை நீரோட்டம் பாத்தே மீன் சொல்லுற ஆள். அப்பிடியான மனிசன், அடுத்த வருசம் கடலை விட்டு உள்ளுக்குக் கனகராயன்குளம் எண்ட ஊருக்கு வந்து ஒரு குட்டை வெட்டி, திலாப்பியாக் குஞ்சை விட்டிட்டு, கரையிலை குந்திக்கொண்டு முழிச்சுக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாயும் கிடந்தது, விசராயும் கிடந்தது.

தீனுக்கு மீன்தூள் வேணுமாம். மீனுக்கு மீனையே தின்னக் குடுக்கிறதோ, இதென்ன கூத்து! அந்தத் தூளும் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அங்காலை நிண்டுபோச்சு. பூச்சியிலையும் அதே சத்து இருக்கு, கறையானைக் காயவைச்சு இடிச்சுத் தவிட்டோடை உருட்டிப் போடுங்கோ எண்டு மீன்வளர்ப்புப் படிப்பிக்க வந்த பிள்ளை சொல்லிச்சுது.

பானைக்குள்ளை ஈரச் சாணியும் வைக்கலும் அடைஞ்சு புற்றிலை கவிழ்த்தால் விடியக் கறையான் ஏறி நிக்கும். இவர் பக்கத்து வெறும் வளவுப் புற்றிலை கவிழ்த்தார். மற்றப் புற்றெல்லாம் மிதிவெடி கவனம் எண்டு நட்ட பலகைக்கு அங்காலை. ரெண்டு மாதத்திலை மீன் உள்ளங்கை அகலம் வந்திட்டுது. மனிசனும் சிரிக்கத் தொடங்கினார்.

அப்பத்தான் வளவுக்காரி அன்னபாக்கியமக்கா இடம்பெயர்ந்த இடத்திலையிருந்து திரும்பி வந்தா. வெள்ளிக்கிழமை பால் செம்போடை வந்தவா, பானையைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டா.

"ஐயோ, இது நாகதம்பிரான் குடியிருக்கிற புற்றெல்லோ!"

மாதாவைக் கும்பிடுற கடற்கரை வேதக்காரருக்கு என்ன தெரியும்? எங்களுக்கு அது மண். இவர் பானையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார்.

வெறும் தவிட்டிலை மீன் மெலிஞ்சுது. ரெண்டு கிழமையிலை இவர் பழைய வலையை எடுத்து உதறினார்.

"கடலுக்குத்தான் போறன், ஜோசப்பின். வேறை வழியில்லை."

வாயிலை வந்ததெல்லாம் சொல்லிப் பேசினன். பேசிப்போட்டு எனக்கே விளங்கேல்லை. போகச் சொல்லுறதோ? மிதிவெடிக்குள்ளை போய்ப் புற்றுத் தேடச் சொல்லுறதோ? இன்னொருத்தியின்ரை சாமியிலை கை வைக்கச் சொல்லுறதோ? தலை வெடிக்குமாப்போலை இருந்தது.

நான் கத்தின சத்தத்துக்கு அன்னபாக்கியமக்கா வந்தா. ஒரு கையிலை பால் செம்பு, மற்றக் கையிலை வைக்கல் அடைஞ்ச பானை.

"வா பிள்ளை. பாலை ஊத்தி நாகதம்பிரானைக் கேட்டிட்டன்."

"என்ன சொன்னவர்?"

"அவர் எங்கை சொன்னவர்? நானும் ஒண்டும் விளங்காமல்தான் வந்தனான். ஆனா, நீ கடலுக்குப் பிள்ளையைக் குடுத்தனீ. மனிசனையும் குடுக்காதை."

பானையை அவாவே தன்ரை கையாலை புற்றிலை கவிழ்த்தா. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு குளறி அழுதன்.