இரண்டு கிட்னியிலும் தெரிந்த வீக்கம்

2007-ஆம் வருடம். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு, திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் அப்பாவுக்குத் தீராத சந்தேகம்: "டாக்டராயிட்டீன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டேன். இன்னும் என்னத்தடா பழகறே?"

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் சோதிக்கும் விதமே தனி. ஆரம்பத்தில் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டுவார். கொஞ்சம் தேறியதும், திரையில் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். கடைசிக் கட்டத்தில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். பேச்சும் இருக்காது, முகத்தில் ஒரு குறிப்பும் இருக்காது. நம் முடிவு சரியென்றால் அதன்பிறகு தனியாகப் பார்க்கலாம். தப்பென்றால் பழையபடி முதலிலிருந்து. பல்லடத்தில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. மேடம் சரியென்று சொன்னால்தான் அது கிடைக்கும்.

என் சோதனைக்கு வாய்த்தவர் முதலிபாளையத்தில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷினில் பனியன் தைக்கும் ஓர் அக்கா. இடுப்பின் இரண்டு பக்கமும் வலி என்று வந்திருந்தார். வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்தேன். வலது கிட்னியின் நடுவே கறுப்பாகத் தண்ணீர் தேங்கி விரிந்திருந்தது. இடது பக்கமும் அப்படியே. இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கின்றன, கீழே எங்கேயோ அடைப்பு! சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சோதனையன்றே இவ்வளவு பெரிய நோயைப் பிடித்துவிட்டேனே!

மேடத்திடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, இன்னும் எவ்வளவு நேரமாகும்? சாயப்பட்டறத் தொட்டியாட்ட நெறஞ்சு கெடக்குது. ஒடைஞ்சா உம்மேலதான் அடிக்கும், பாத்துக்க" என்றார்.

"அவ்வளவு தண்ணியா குடிச்சீங்க?"

"ஒரு பாட்டில் குடிக்கச் சொன்னாங்க. பத்தலீன்னு திருப்பி அனுப்பிச்சா நாளைக்கும் லீவு கேக்கோணும், சூப்பர்வைசர் ஊட்டுக்கே போயிருன்னுருவான். அதான் மூணு பாட்டில் குடிச்சுப்போட்டேன்."

சிரிக்கிறார், ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை. திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை. பாதியில் எழுப்பினால் சோதனை என்னாகுமோ என்று பயம்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "போயிட்டு வாங்கக்கா" என்றேன். அக்கா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கட்டிலடியிலேயே நின்றுவிட்டது.

திரும்பி வந்து படுத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று மறுபடி கருவியை வைத்தேன். இடது கிட்னியில் அந்தக் கறுப்பைக் காணோம். பதறிப்போய்க் கருவியை வலது பக்கம் நகர்த்தினேன். அங்கேயும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. சிறுநீர்ப்பை நிரம்பித் தளும்பியதால், கீழே இறங்க வழியில்லாத நீர் மேலே கிட்னியில் தேங்கியிருக்கிறது. அடைப்புமில்லை, நோயுமில்லை.

"ரெண்டு கிட்னியும் நார்மல், மேடம்."

"ஏன் நடுவுல எழுப்பி அனுப்புன?" மேடம் முதன்முறையாக வாய் திறந்தார்.

பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு உண்மைதான் வந்தது. "பாவமா இருந்துச்சு மேடம்."

மேடம் சிரித்தேவிட்டார். "பை காலியானப்புறம் மறுபடி பாத்துட்டுத்தான் முடிவு சொல்லணும்னு புஸ்தகத்துல வேற காரணம் போட்டிருக்கும். அதையும் படிச்சுக்க."

"அப்ப என்ர இடுப்பு வலிங்க?" என்றார் அக்கா.

"நாள் பூரா மெஷின்ல குனிஞ்சே உக்காந்தா சதை வலிக்காதா? எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டக் காட்டுங்க" என்ற மேடம், நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார். மேடம் கதவைத் திறந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் தேறிவிட்டேன் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமானது.

இப்போதும் திரையில் ஏதோ ஒரு பெரிய நோயைக் கண்டு மனம் துள்ளும்போதெல்லாம், படுத்திருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன்.