சென்ஸியின் தாடி

ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் இருக்கும் அந்த ஊர் ஆண்கள் நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளன்று சவரக்கத்தியை எடுத்து வைத்தால், ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் அதைத் தொடமாட்டார்கள். முன்னொரு காலத்தில் பெரிய பனிச்சரிவு ஒன்று ஊர் எல்லைவரை வந்து அப்படியே நின்றுவிட்டது. அதற்கு நன்றியாக, கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்கு ஒருவர் சொந்தத் தாடியோடு இடையராக வந்து பாலன் இயேசுவின் முன் முழங்காலிடுவதாக ஊரே நேர்ந்துகொண்டது. ஒட்டுத்தாடிக்கு இடமில்லை. ஆண்டவரிடம் போய் வேஷம் போடலாமா?

சென்ஸி வீட்டிலிருந்து அவள் அண்ணன் அலோய்ஸ் போய்க்கொண்டிருந்தான். கோடையில் வைக்கோல் வண்டி கவிழ்ந்து அவன் இறந்துபோனான். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். வீட்டில் மிஞ்சியது அவளும் மாடுகளும்தான்.

கிறிஸ்துமஸ் காலையின் இந்த இடையர் நாடகத்தை நடத்துகிற தச்சன் குவிரின் தொழுவத்துக்கே வந்து சொன்னான்.

"மனசுல வச்சுக்காத சென்ஸி. உங்க வீட்டு இடத்த மில்லுக்காரங்களுக்குக் குடுத்துடலாம்னு இருக்கோம்."

"ஏன், எங்க வீடு இடிஞ்சா போச்சு?"

"ஆளு இல்லியே."

"அப்ப நான் யாரு, பசுமாடா?"

குவிரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாடி வேணுமே தாயே! வளத்துக்கிட்டு வா, பாக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சென்ஸிக்கு இளவயதிலிருந்தே மோவாயில் முடி உண்டு. நடனத்துக்குக் கூப்பிட்ட ஒருவன் அதைப் பார்த்துவிட்டு நழுவிப் போனதிலிருந்து, தொழுவத்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்று இடுக்கியால் பிடுங்கிக்கொண்டே வந்தாள். பிடுங்கப் பிடுங்க அதுவும் விடாமல் வளர்ந்தது.

அந்த மார்ட்டின் திருநாளன்று இடுக்கியைத் தூக்கிச் சாணக்குழியில் எறிந்தாள். 'ஆண்டவரே, நீர் கொடுத்ததுதானே இது. உமக்குத் தெரியாமலா இத்தனை வருஷம் மறைத்தேன்?' என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியபோது எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. நரையும் கறுப்புமாக, அசல் தாடி. ரொட்டிக்கடையில் அவள் தோழி ரேஸி காதோடு காதாகக் கெஞ்சினாள்.

"முக்காட்டையாவது இழுத்து விடுடி. மானம் போகுது."

"யாரு மானம்? என்னுது பத்திரமா இருக்கு."

மதுக்கடை வாசலில் நின்ற ஆண்கள் விடவில்லை. "சென்ஸி, ஒரு பீர் அடிச்சிட்டுப் போறியா?"

"உன் மோவாய்ல நாலு முடி சேந்து மொளைக்கட்டும், அப்புறம் ஒக்காந்து குடிக்கலாம்!"

சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் வீட்டுக்குப் போய் அவள் அழுததை மாடுகள் மட்டும் பார்த்தன.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், தாடி பார்க்கும் ஞாயிறு வந்தது. பூசை முடிந்ததும் குவிரின் வரிசையாக ஒவ்வொரு தாடியையும் பிடித்து இழுத்துப் பார்ப்பது வழக்கம். வரிசையின் கடைசியில் நின்றிருந்த சென்ஸியிடம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் சென்ஸி. ஊர் சிரிக்கும்."

"மூணு வாரமா சிரிச்சுக்கிட்டுதான இருக்கு? இழுடா."

"இது ஆம்பளைங்க பண்ற காரியம்."

"நேர்ச்சையில ஆம்பளன்னு இருக்கா? வீட்டுக்கு ஒருத்தர், சொந்தத் தாடி. வருஷா வருஷம் நீதான சத்தமா சொல்லுவ? எங்க வீட்டுக்காக மில்லுக்காரன் முட்டி போட்டா, எங்க வீடு செத்துப்போச்சுன்னு அர்த்தம். நான் சாகல."

பீடத்தருகே நின்ற பங்குச் சாமியார் மெழுகுவர்த்திகளை அணைக்கப் போய்விட்டார். குவிரின் தயங்கித் தயங்கி இரண்டு விரலால் தொட்டான்.

"கோழி றெக்கையா தடவுற? மத்தவங்களுக்கு இழுத்த மாதிரி இழு!"

கோபத்தில் வெடுக்கென்று இழுத்துவிட்டான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தலை அசையவில்லை. அவன் தன் விரலைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொந்தம்தான்," என்றான் கடைசியில், எல்லாருக்கும் கேட்கும்படி.

கிறிஸ்துமஸ் காலையில், அலோய்ஸின் ஆட்டுத்தோல் அங்கி தரையில் புரள, சென்ஸி முக்காடில்லாமல் கோயிலின் நடுவழியே நடந்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நின்று, திரும்பி, சிரிப்பு அடங்கும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகப் போய்ப் பாலன் முன் முழங்காலிட்டாள்.