மூன்றாவது கியரில் ராஜாமணி

யாரும் ஆசைப்பட்டு வாங்காத பொருளை விற்பதுதான் என் தொழில். புடவைக் கடைக்குச் சிரித்துக்கொண்டு வருவார்கள். நகைக் கடைக்குக் கனவோடு வருவார்கள். பிரியாணிக் கடைக்கு வாசனை பிடித்துக்கொண்டு வருவார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற முனையில், வேப்பமரத்தில் கயிறு கட்டி ஹெல்மெட்டுகளைத் தொங்கவிட்டிருக்கும் என் கடைக்கு மட்டும் யாரையாவது திட்டிக்கொண்டேதான் வருவார்கள். போலீசைத் திட்டுவார்கள், கம்பெனி செக்யூரிட்டியைத் திட்டுவார்கள், கடைசியில் எதிரே நிற்கிற என்னைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன். வியாபாரம் ஆக வேண்டுமே!

ஆனால் நான் திட்டுவது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை. இரும்புக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் மஞ்சள் ஹெல்மெட்டைச் சுமந்து, ரிடையர் ஆகி, எட்டு வருஷமாய் ஹெல்மெட் விற்கிறவன் சொல்கிறேன்: இந்தச் சட்டியால் எனக்குப் போனது ஒன்றே ஒன்றுதான். என் சம்சாரம் ராஜாமணியின் குரல். சம்சாரத்தைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாய்ப் படியுங்கள்.

லாரிக்காரன் தீர்ப்பு

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீடு. இரண்டே அறை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு டிவி. டிவியையும் ஓர் ஆளாகத்தான் வைத்திருக்கிறோம். அதிகம் பேசுவது அதுதான். நானும் ராஜாமணியும் தனியாய் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் ஒரே இடம் என் பழைய வண்டி. மாதம் ஒரு பிரதோஷத்துக்குத் திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்குப் போவோம். கவரப்பேட்டையில் ஆரணிப் பக்கம் திரும்பியதும் மூன்றாவது கியரில் போட்டுவிடுவேன். நாலாவது போட்டால் காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ராஜாமணி ஒருக்களித்து உட்கார்ந்து, கையை என் தோளில் வைத்து, என் இடது காதில் ஆரம்பிப்பாள். மகனுக்குப் பெண் பார்த்தது, பேத்திக்குப் பெயர் வைத்தது, நான் புகையிலையை விட்டது எல்லாமே அந்த ரோட்டில் முடிவானவைதான். ஒவ்வொரு முடிவும் வெற்றிலை வாசனையோடு வந்து காதில் விழும்.

ஒருமுறை ஆரணி ஆற்றுப் பாலத்தில் பெரிய வாதம். மருமகளைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறாள் இவள். நம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன் நான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாதத்தில் நான் நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட, எதிரே வந்த செங்கல் லாரியும் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் பெரியபாளையம் வரைக்கும் வண்டிகள், ஹாரன் சத்தம். டிரைவர் தலையை வெளியே நீட்டித் தீர்ப்பு சொன்னான்: "அந்தம்மா சொல்றதுதான் கரெக்ட்டு பெருசு. ஒத்துக்கினு வண்டிய எடு, எனக்கு லோடு எறக்கணும்."

ஐம்பது அடி

எளாவூரிலிருந்து வேலைக்கு வருகிற டேவிட் எனக்குப் பழக்கம். முப்பது வயசு, மெஷின் ஆபரேட்டர். ஹெல்மெட் இல்லாவிட்டால் அவன் கம்பெனி கேட்டில் வண்டியை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, முடி பறக்க, காற்று வாங்கிக்கொண்டே வருவான். என் கடைக்கு எதிரே நிறுத்தி, ராஜா கிரீடம் வைக்கிற மாதிரித் தலையில் வைப்பான். அங்கிருந்து கேட் ஐம்பது அடி.

பழையது உடைந்துபோய் ஒரு நாள் புதுசு கேட்டு வந்தான். முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதைப் போட்டவனை மாடு முட்டினால் மாட்டைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்" என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவன் கையோ, தொப்பி மாதிரி லேசாய் இருந்த ஒன்றுக்குப் போயிற்று. அதுவும் என் கடையில் இருந்தது, மறைப்பானேன். கண்டித்திருக்க வேண்டும். ஆனால் அவன் கேட்ட காற்றுதானே எனக்கும் வேண்டியிருந்தது? பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். அதைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தலை என்னுது நைனா, ஆசையும் என்னுது. அம்பது அடிக்கு இன்னாத்துக்கு நல்ல ஹெல்மெட்டு?"

தேங்காய் வைத்த ஹெல்மெட்

பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று கெடுபிடி வந்தது. என் கடையிலிருந்தே நல்ல மெரூன் கலரில் ஒன்றை ராஜாமணிக்கு எடுத்துக் கொடுத்தேன். புடவைக்குப் பொருத்தம் பார்த்து எடுத்ததாய் எனக்குப் பெருமை. கவரப்பேட்டை வரைக்கும் போட்டிருந்தாள். ஆரணி ரோடு வந்ததும் கழற்றி மடியில் வைத்து, அர்ச்சனைத் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கிவிட்டாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தன.

தாமரைப்பாக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். ரிடையர் ஆகிற வயசு. "இன்னாம்மா, தேங்காய்க்கு ஹெல்மெட்டு போட்டுகினு நீங்க மொட்டத் தலையா போறீங்க?" என்றார். "அத்த தலைல போட்டா இவருகூட பேச முடியலங்க" என்றாள் ராஜாமணி. "நான் சொல்றது இவருக்குக் கேக்கல, இவரு சொல்றது எனக்குக் கேக்கல." அவர் சிரிக்கவில்லை. தேங்காயை வெளியே எடுக்க வைத்து, ஹெல்மெட்டைப் போட வைத்து, ஸ்ட்ராப்பையும் மாட்டச் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாய்ச் சொன்னார்: "அதுக்கோசரம்தான் பெருசு, எங்க ஊட்ல நான் ரெண்டு வாங்கி வச்சிகிறேன்."

சங்கு

அன்றோடு ராஜாமணி என் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். "பேசாம போறதுக்கு பஸ்ஸு இருக்குது" என்று முடித்துவிட்டாள். இரண்டு பிரதோஷம் அவள் பஸ்ஸில், நான் வண்டியில். பின் சீட்டு காலியாய் இருந்தால் வண்டி ஒரு மாதிரித் துள்ளும், கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது பொறுக்கவில்லை.

தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத வேலையைச் செய்தேன். என் ஹெல்மெட்டில் இடது காதுக்கு நேராய் டிரில் போட்டு ஏழு ஓட்டை வைத்தேன். நல்ல சரக்கு, பாழானது. சோதனைக்குத் தனியாய்த் தொழிற்பேட்டை ரோட்டில் ஒரு சுற்று. மூன்றாவது கியரில் சும்மா இருந்தது, நாலாவதில் ஊத ஆரம்பித்தது பாருங்கள், கம்பெனிச் சங்கு தோற்றது! ஷிப்ட் முடிந்துவிட்டதென்று நாற்பது பேர் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். நாற்பது இல்லை என்பவர்கள் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வந்தது சத்தியம். விஷயம் தெரிந்ததும் அதில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்: "தெனம் ஒரு மணி நேரம் முன்னாடி இந்த மாதிரி ஒரு ரவுண்டு வந்துடு நைனா, புண்ணியமா பூடும்."

ஹலோ

என் அவஸ்தையைப் பார்த்து மகன் ஒரு சாமான் வரவழைத்தான். ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொள்கிற மைக், ஸ்பீக்கர். முன்னால் இருப்பவர் பேசினால் பின்னால் கேட்கும், பின்னால் இருப்பவர் பேசினால் முன்னால் கேட்கும். வாசலிலேயே ராஜாமணியை வற்புறுத்தி உட்கார வைத்துத் தெருமுனை வரை ஓட்டினேன். அவள் எடுத்த எடுப்பில் "ஹலோ, ஹலோ" என்று கத்தினாள். என் இரண்டு காதும் அடைத்துப்போயின. பிறகு, "நல்லா இருக்கீங்களா?" என்றாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை 'ங்க' போட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். போன் என்றால் மரியாதை தானாய் வந்துவிடும் போலிருக்கிறது.

எல்லாம் தெளிவாய்க் கேட்டது. வெற்றிலை வாசனைதான் இல்லை. தோளில் மூச்சுப் படவில்லை. பக்கத்து ஊரிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தாள்: "இவரு முதுகுக்குப் பின்னால குந்திகினு இவருக்கே நான் போன் பண்ணணுமா?"

பாட்டு

எனக்கு வேண்டாத இந்தச் சத்தமின்மையைத் தேடி வந்தாள் ஒரு பெண். பெயர் நந்தினி. இங்கே ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் பத்துப் பேரோடு தங்கல், புது ஸ்கூட்டி. என் கடையில் ஆசையோடு ஹெல்மெட் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஒவ்வொன்றாய்ப் போட்டுப் போட்டு, கண்ணாடியை இறக்கி, ஏதோ முணுமுணுத்து, கழற்றி அடுத்ததை எடுப்பாள். அம்மாவிடம் போட்டோ அனுப்பிக் கேளேன் என்றேன். இதையாவது நானே எடுக்கிறேன் தாத்தா என்றுவிட்டாள்.

கடைசியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "வெளிய எதுனா கேட்டுச்சா தாத்தா?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்ப இதுதான். ஹாஸ்டல்லயும் பாட முடியாது, கம்பெனி லைன்ல மெஷின்கிட்டயும் பாட முடியாது. போவ வர இருவது நிமிஷம் இதுக்குள்ள நான் மட்டும்தான்."

அறுபது அடி

டேவிட் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என் கடைக்கு வர இன்னும் பத்தடிதான். தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரத்தில் டயர் வழுக்கியது. கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட் கழன்று, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. அதில் ஒரு கீறல் இல்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, எட்டு வருஷத்தில் முதல்முறையாய்ப் பிரதோஷம் இல்லாத ஒரு நாளில் கடையைப் பாதியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து நடந்து வந்தான், கூடவே அவன் மனைவி மேரி. தலையில் தையல் போட்ட தடம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த ராஜாமணியும் அப்போது கடையில் இருந்தாள். "அம்பது அடின்னு சொன்னேன்ல நைனா, அறுபதுல கவுந்துட்டேன்" என்று சிரித்தான். அந்த லேசான சரக்கை எடுத்துக் கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல ஹெல்மெட்டுகளை வரிசையாய் எடுத்து வைத்தேன். மேரி எது வேண்டும் என்று அவனை இரண்டு தடவை கேட்டாள். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்று மறுபடி கேட்டாள். அப்போதுதான் திரும்பினான். ராஜாமணி பார்ப்பதைப் பார்த்துவிட்டு மேரி சொன்னாள்: "எடது காது பூட்சிம்மா. இப்பல்லாம் இந்தப் பக்கமா வந்து நின்னுதான் திட்டணும்."

பதினாலு நிறுத்தம்

ராஜாமணி அன்றைக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டே என் இடது காதைப் பார்த்தாள். அதில் ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். அடுத்த பிரதோஷத்தன்று மத்தியானம் கடைக்கு வந்தவள், கயிற்றிலிருந்து ஒரு ஹெல்மெட்டைக் கழற்றினாள். மூன்று வருஷமாய் விலைபோகாத கிளிப்பச்சை. "அது வேணாம், மெரூன் இருக்குதே" என்றேன். "நான் போடறத நான்தான் எடுப்பேன். நீ வண்டிய எடு" என்றாள்.

கவரப்பேட்டை வரைக்கும் சத்தமில்லை. ஆரணி ரோடு திரும்பியதும் என் ஹெல்மெட்டின் மேல் 'டொக்' என்று ஒரு குட்டு. ஓரம் கட்டினேன். அவள் தன் ஹெல்மெட்டைக் கழற்றினாள், என்னுடையதையும் கழற்றச் சொன்னாள். சுற்றிலும் நெல்வயல், ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியும் என் இடது காதுக்குக் குனிந்துதான் சொன்னாள்: "மருமவ ரெண்டு நாளா சரியா சாப்புடல, கவனிச்சியா?" நான் பதில் சொன்னதும் இருவரும் மாட்டிக்கொண்டோம். பத்து நிமிஷம் போனால் மறுபடி டொக். பாலத்தில் டொக். பெரியபாளையம் தாண்டி டொக். பதினாலு இடத்தில் நின்றோம். இருபது என்று சொல்லலாம்தான், ஆனால் இதில் பொய் சொல்ல மனசு வரவில்லை. நின்று பேசிய பேச்சில் எல்லாம் இருந்தது, வெற்றிலை வாசனைகூட. ஓடுகிற வண்டியில் காற்றோடு போட்டி போட்டு வருமே அந்தக் குரல், அது இல்லை. அது வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை.

திருப்பாச்சூரில் நாங்கள் இறங்கியபோது பிரதோஷ பூஜை முடிந்து, ஜனங்கள் பிரசாதத்தொன்னையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உன்னால்தான் பூஜை போயிற்று என்று நான் வாயெடுப்பதற்குள் ராஜாமணி கிளிப்பச்சையைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்: "சாமி எங்கயும் போவாது, வா. திரும்பறப்ப இன்னும் நெறைய எடத்துல நிறுத்தணும், நான் பாதிகூட சொல்லல."

ஊரார் தலைக்கெல்லாம் ஹெல்மெட் மாட்டிவிட்ட இந்தக் கிழவனுக்கு இன்னும் மிச்சமிருக்கிற ஆசை, மூன்றாவது கியரில் இடது காதோரம் ஒரே ஒரு திட்டு. அதை விற்கிற கடை ஒன்று இருந்தால், நான் யாரையும் திட்டாமல் வரிசையில் நிற்பேன்.