பன்னெண்டு கப்பு தேத்தண்ணியும் நடுங்குன என் கையும்

இன்னைக்கு பேக்டரியில தொரையோட பீங்கான் கப்ப ஒடச்சிட்டேன்!

(ஒடச்சதுக்கு நான் அழல. அதுக்கப்புறம் அவரு கேட்ட கேள்விக்குத்தான் ஆத்திரம் வந்துச்சு.)

ஆரம்பத்துல இருந்தே சொல்றேன்.

நான் பேக்டரியில தேயிலத்தூள்ல கெடக்குற குச்சி பொறுக்குற ஆளு. எங்க கூட்டத்துல வெத்தல போடாத ஒரே வாயி என்னோடதுதான். கருகுன தூளு வந்தா மூக்குலயே கண்டுபிடிச்சிருவேன்.

போன வாரம், தெனமும் தூள ருசி பாக்குற டீமேக்கர் ஐயாவுக்கு சளி புடிச்சு மூக்கு அடச்சுப் போச்சு. ருசியே தெரியல. ஆனா தேயிலப் பெட்டியெல்லாம் மாட்டு வண்டியில ஏறி பண்டாரவளை ரெயிலுக்குப் போறதுக்கு முந்தி யாராவது ருசி பாத்தாகணுமே!

"ஏய் பேச்சி, நீ வா"ன்னாரு.

(மலையில கொழுந்து பறிக்கிறவளுக எல்லாம் மழையில அட்டைகிட்ட கடி வாங்குறப்ப எனக்கு நெழல்ல தேத்தண்ணி குடிக்கிற வேலை! விடுவேனா?)

மேசையில வரிசையா பன்னெண்டு கப்பு. பாலும் இல்ல, சீனியும் இல்ல. கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு!

தொரை முன்னாடி போவாரு. ஒரு வாய் உறிஞ்சுவாரு, கீழ இருக்குற தகர டப்பாவுல துப்புவாரு. நான் பின்னாடியே போவேன். ஒரு வாய் உறிஞ்சுவேன், முழுங்கிருவேன்.

பின்ன என்னங்க செய்யிறது? தொரை வந்தா குடைய மடக்கணும். தலையில போட்ட துணிய எறக்கணும். ரோட்ட விட்டு ஒதுங்கி நிக்கணும். அவரு முன்னால இருமுனதுக்கே ஏச்சு வாங்குன ஆளுங்க நாங்க. துப்புறது தொரைமாருக்கு மட்டும் உள்ள பழக்கம்னு நெனச்சுக்கிட்டேன்.

கப்புல மிச்சம் வைக்கிறதும் மரியாத இல்லையே! அவரு அடுத்ததுக்கு நகந்ததும் மிச்சத்தையும் காலி பண்ணிருவேன்.

பன்னெண்டு கப்பு. வெறும் வயித்துல. ஆறு நாளு!

மூணாம் நாளே நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. வயித்துல ஒரே எரிச்சல். சும்மா சும்மா பேக்டரிக்குப் பின்னாடி ஓட்டம் (எதுக்குன்னு கேக்காதீங்க).

தூக்கம்? அது எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. எங்க வீட்டு ஆளு எத்தன வகையா கொறட்ட விடுறாருன்னு இப்ப எனக்கு அத்துப்படி.

புள்ளைங்க ரெண்டு மேலயும் காரணமே இல்லாம எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். அத நெனச்சாத்தான் இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

இன்னைக்கு கை நடுங்கி, கப்பு நழுவி, சிமெண்டு தரையில விழுந்து நொறுங்கிருச்சு.

தொரை என் கையப் பாத்தாரு. மொகத்தப் பாத்தாரு. தூக்கம் இல்லாம கண்ணு வேற செவந்து கெடக்கு.

"சாராயம்?"னாரு.

டீமேக்கர் ஐயாவும் சேந்துக்கிட்டாரு. "என்னடி, விடிஞ்சும் விடியாம போட்டுட்டு வந்தியா?"

"நாளைக்கு பத்துச்சீட்டு குடு"ன்னாரு தொரை.

பத்துச்சீட்டுன்னா தோட்டத்த விட்டு வெளிய போன்னு குடுக்குற சீட்டு. எனக்கு மட்டும் இல்ல. புருஷன், புள்ளைங்க, லயத்து வீட்டு வரிசையில நாங்க குடியிருக்குற ஒத்தக் காம்பரா, எல்லாம் அதோட போச்சு.

வேற ஒருத்தியா இருந்தா கால்ல விழுந்திருப்பா. எனக்கு வந்த கோவத்துல முட்டி மடங்கவே இல்ல!

"தொரை, சாராயத்த நான் மோந்துகூடப் பாத்ததில்ல. என்னைய இப்படி ஆக்குனது ஒங்க தேயிலதான்! ஒரு நாளைக்கு பன்னெண்டு கப்பு உள்ள போனா யாரு கைதான் நடுங்காது?"

தொரை முழிச்சாரு. "பன்னெண்டு... எல்லாம் முழுங்கினியா?"

"ஆமாங்க! ஒங்க முன்னால துப்பியிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

 

டீமேக்கர் ஐயா தலையில அடிச்சுக்கிட்டாரு. "அடிப்பாவி! அத்தனையும் முழுங்குனா நெஞ்சு படபடக்கும், தூக்கம் போயிரும். அதுக்குத்தானடி துப்புறது!"

"அத மொத நாளே சொல்றதுக்கு என்னங்க?"



தொரை அந்த டப்பாவ பூட்ஸ் காலால என் பக்கம் தள்ளுனாரு. ஒரு கப்ப எடுத்து நீட்டுனாரு.

வாங்குனேன். உறிஞ்சுனேன். நாக்குல உருட்டுனேன். அவரு பாத்துக்கிட்டு இருக்கும்போதே துப்புனேன்! ஒரு சொட்டு வெளிய சிந்தல.

"இது அடுப்புல அதிக நேரம் இருந்திருக்கு. பெட்டியில போடாதீங்க"ன்னேன்.

அவரும் ஒரு வாய் பாத்துட்டு அந்தக் கப்ப தனியா எடுத்து வச்சாரு. பத்துச்சீட்டப் பத்தி அதுக்கப்புறம் பேச்சே இல்ல. (மன்னிப்பு கேட்டாரான்னு கேக்குறீங்களா? தொரைமாரா? நல்லா கேட்டீங்க போங்க!)

இனிமே ரொட்டி தின்னுட்டுத்தான் ருசி பாக்க வருவேன்னும் சொல்லிட்டேன். சரின்னு தொரை தலைய ஆட்டுனாரு.

சேதி எனக்கு முன்னாடியே லயத்துக்குப் போயிருச்சு. வாசல்ல எங்க கூட்டத்த மேய்க்கிற கங்காணி நிக்கிறாரு, மீசை துடிக்குது.

"ஏம்புள்ள, பொம்பள தொரை முன்னால துப்பலாமா? நம்ம கூட்டத்துக்கே அவமானம்! நாளைக்கு காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப நீ மன்னிப்பு கேக்குற!"

"பெரட்டுக்கு வர எனக்கு நேரம் இல்லங்க கங்காணி. நீங்க பேக்டரிக்கு வாங்க. பன்னெண்டு தடவ துப்புவேன், எண்ணிக்கங்க!"